போய்ச் சொல்லி அனுப்புகிறோம்

பல்கலைக்கழகம் கைபேசிக்குள் குடிவந்த வருஷத்தில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறை வீடுகள் வரிசையாக நின்ற பன்னீர் காம்பவுண்டின் கடைசி வீட்டில், பி.ஏ. வரலாறு முதல் வகுப்புக்கென்று நல்ல சேலை கட்டி, பருப்பு டப்பாவின் மேல் கைபேசியைச் சாய்த்து வைத்து, கேமராவைத் திறந்த தங்கபுஷ்பம், திரையில் ஒரு முகம் தெரிந்ததும், வாசலுக்கு வந்தவர் யாரானாலும் தன் வாய் தன்னால் சொல்லிவிடும் சொல்லைச் சொன்னாள். "வாங்க சார், வாங்க. உள்ள வாங்க."

அவரும் வந்தார்.

பருப்பு டப்பாவைத் தாண்டிக் காலை எடுத்து வைத்து, சட்டை கசங்காமல் தரையில் இறங்கி நின்றார். நேரே பார்த்தால் ஆள், பக்கவாட்டில் பார்த்தால் வெறும் கோடு. வெளிறிய சட்டை, சட்டைப் பையின் மேல் அணைந்து அணைந்து எரியும் ஒரு சிவப்புப் பொட்டு, கழுத்தில் தொங்கிய அட்டையில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பார்வையாளர்' என்ற ஒரு சொல். ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் என்று எழுதிப் போட்டிருந்தால் ஆரஞ்சுப் பழத்தோடு ஆட்கள் வருகிற நேரம் என்றுதானே அர்த்தம், அந்த மாதிரி பார்த்துவிட்டுப் போக வந்த விருந்தாளி என்றே தங்கபுஷ்பம் எடுத்துக்கொண்டாள். பார்ப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவர் இருக்க முடியும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உட்கார்ந்தார். வகுப்பு முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

காம்பவுண்டுக்கு முதலில் பெருமைதான். யுனிவர்சிட்டியே நம்ம வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது என்று முதல் வீட்டுப் பேச்சியக்கா ஆவி பறக்கும் இட்லியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள்; கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற சுடலைமுத்து அண்ணாச்சி வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு வந்து, ஊர் எது, பஸ்ஸில் வந்தாரா ரயிலில் வந்தாரா என்று விசாரித்தார். அவர் இட்லியும் தொடவில்லை, பதிலும் சொல்லவில்லை. பார்த்தார். இட்லியைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைப் பார்த்தார். கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று பேச்சியக்கா சொன்னாள். கூச்சப்படுகிறவர்கள் தரையைத்தானே பார்ப்பார்கள் என்று மட்டும் தங்கபுஷ்பம் மனசுக்குள் நினைத்துக்கொண்டாள்.

ஏனென்றால் பன்னீர் காம்பவுண்டில் பார்வைக்கு ஒரு மரியாதை உண்டு. எல்லோருக்கும் சேர்த்து ஒரே குளியலறை, அதற்குத் தாழ்ப்பாளும் கிடையாது. குளிக்கப் போகிறவர்கள் வாசலில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்கள், கவிழ்த்த வாளியை இதுவரை ஒருவரும் தாண்டியதில்லை, குடித்துவிட்டு வருகிறவர்கள்கூட வாளியைக் கண்டால் தெளிந்து திரும்பிவிடுவார்கள். ஒரு வீட்டைக் கடந்துபோகிறவர் கடப்பதற்கு முன்பே தொண்டையைச் செருமுவார். சண்டை நடக்கிற வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ரேடியோ சத்தம் கூடும். சுவருக்கு வசதியில்லாத இடத்தில் இருமலாலும் செருமலாலும் திருப்பிக்கொண்ட முகங்களாலும் அவர்கள் சுவர் எழுப்பி வைத்திருந்தார்கள், அந்தச் சுவர் எந்த மழைக்கும் இடிந்ததில்லை. தங்கபுஷ்பம் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடையிலும் அதே பழக்கம்தான்: யார் சான்றிதழைக் கொடுத்தாலும் எழுத்து தன் கண்ணில் படாமல் கவிழ்த்து வைத்து எடுப்பாள், தப்பாக விழுந்த நகலை நாலாகக் கிழித்துத்தான் குப்பையில் போடுவாள்.

அந்தக் கடைசி வீட்டுக்குள் இன்னொரு சுவரும் இருந்தது. பூப்போட்ட பழைய சேலை ஒன்றைக் கயிற்றில் போட்டுக் கட்டியது. அதற்குப் பின்னால் இருந்தவள் வடிவு, தங்கபுஷ்பத்தின் நாத்தனார். லாரியோடு வடக்கே போய்விட்டு மாதக்கணக்கில் திரும்பாத புருஷனைவிட இந்த நாத்தனாரோடுதான் தங்கபுஷ்பம் அதிகம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள், சண்டையும் அதிகம் போட்டிருக்கிறாள். வடிவுக்கு இடுப்பு வரை தலைமுடி இருந்த காலத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் காம்பவுண்டு வாசலில் செருப்பைக் குவித்தார்கள். நடக்கச் சொன்னார்கள், பாடச் சொன்னார்கள், முடி சொந்த முடிதானா என்று பின்னலைப் பிடித்துப் பார்த்தார்கள், கேசரியும் மிக்சரும் தின்று காபி குடித்துவிட்டு எழுந்து, "போய்ச் சொல்லி அனுப்புதோம்" என்றார்கள். அந்தப் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். சொல்லி அனுப்பியவர் யாருமில்லை. பிறகு வியாதி வந்தது, வைத்தியம் வந்தது, வைத்தியத்தோடு முடி போனது. "முளைச்ச பெறகு ஊருக்கே காட்டுதேன். அதுவரைக்கும் இந்தத் தல என் தல" என்று வடிவு சேலைக்குப் பின்னால் போனாள். அவள் குளிக்கப் போகும்போது அண்ணாச்சி செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். பேச்சியக்கா கரைத்து முடித்த மாவை மறுபடியும் கரைப்பாள்.

பார்வையாளருக்கு இதெல்லாம் தெரியவில்லை.

அவர் பார்த்தவை வெளுக்கத் தொடங்கின. வெயிலில் நாள்கணக்கில் மறந்து போட்ட துணி மாதிரி, முதலில் காலண்டரில் இருந்த முருகனின் மயில், அப்புறம் கல்யாணப் போட்டோவில் தங்கபுஷ்பத்தின் வெட்கம், அப்புறம் கொடியில் கிடந்த அவளுடைய மஞ்சள் சேலை. பேச்சியக்கா இரவல் வாங்கிப்போன மிளகாய்ப்பொடி கோதுமைமாவு நிறத்தில் இருந்தது. காரம் மட்டும் இருந்தது, அளவு தெரியாமல் அள்ளிப் போட்டு வீடே தண்ணீர் குடித்தது. அதுவரைக்கும் காம்பவுண்டு சிரித்துக்கொண்டுதான் இருந்தது. ஒரு நாள் காலையில் பார்வையாளர் நாற்காலியைச் சேலைத் திரைக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. அவர் பார்க்கப் பார்க்க சேலையில் இருந்த பூக்கள் மங்கின, பூக்கள் போனதும் நூல் மெலிந்தது, பின்னால் உட்கார்ந்திருந்தவளின் உருவம் கொசுவலைக்குள் தெரிகிற மாதிரி நிழலாகத் தெரியத் தொடங்கியது.

போகச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்கலாம். அவள் சொல்லாமல் இல்லை. "சார், போயிட்டு வாங்க" என்று கைகூப்பிச் சொன்னாள். அவர் எழுந்து காம்பவுண்டு கேட் வரைக்கும் போனார், திரும்பி வந்தார். வாங்க என்றுதானே சொன்னாள். மறுநாளும் சொன்னாள், மறுநாளும் போனார், வந்தார். பேச்சியக்கா இடுப்பில் கைவைத்து, "எந்திரிச்சுப் போரும்யா" என்று சொல்லிப் பார்த்தாள். அழைத்தவள் பேச்சியக்கா இல்லையே, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தங்கபுஷ்பமோ உள்ளே வந்தவரைப் பார்த்துப் 'போங்க' என்று பிறந்ததிலிருந்து சொன்னதில்லை. சொல்ல வாயெடுத்தாள், பின்னாலேயே ஒரு 'வாங்க' தானாக ஒட்டிக்கொண்டு வந்தது.

தேர்வு நெருங்கியபோது கைபேசியில் அறிவிப்பு வந்தது. தேர்வு எழுதுமுன் அறையின் நான்கு சுவர்களையும் காட்ட வேண்டும். திரை, மறைப்பு எதுவும் கூடாது. காட்டாதவர் தேர்வு எழுத முடியாது. தங்கபுஷ்பம் உதவி எண்ணுக்குப் பேசினாள். மறுமுனையில் ஒரு சின்னப்பெண் குரல்.

"நீங்க சம்மதம் குடுத்திருக்கீங்க மேடம்."

"எப்பம்மா?"

"சேரும்போது ஒரு கட்டத்துல டிக் பண்ணீங்களே மேடம்."

"அது என் படிப்புக்குக் குடுத்தது. கூட இருக்கவளுக்கு நான் எப்படிம்மா சம்மதம் குடுக்க முடியும்?"

"சிஸ்டத்துல அப்படித்தான் மேடம் இருக்கு" என்று அந்தப் பெண் வருத்தமாகவே சொன்னாள்.

தங்கபுஷ்பம் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். பன்னிரண்டாம் வகுப்போடு நின்று, கல்யாணமாகி, ஜெராக்ஸ் மெஷினின் சூட்டில் மற்றவர்களின் பட்டங்களை நகலெடுத்து நகலெடுத்து, ஒரு நாள் தன் பெயர் போட்ட பட்டத்தை அதே மெஷினில் கவிழ்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள் அவள். "போகட்டும்" என்றாள். "இந்தப் படிப்பு இல்லன்னா உசிரா போயிரும்?"

மெலிந்த சேலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "என்னச் சாக்கு வச்சு மட்டும் படிப்ப விடாதிய மதினி. பெறகு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவிய."

"நான் எப்பளா சொல்லிக் காட்டுனேன்?"

"போன வாரம் ரசம் காரம்னு சொன்னதுக்கு, ஒன் வைத்தியத்துக்கு அலைஞ்சவ நான்னு சொன்னது ஆரு?"

தங்கபுஷ்பத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டியது. பார்வையாளர் சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மதினி, எனக்கே தெரியாம எனக்குச் சம்மதம் குடுத்தாச்சாமே" என்றாள் வடிவு. "மாப்பிள்ள ஆரு? நாக்காலில இருக்க அந்தக் கோடா?"

"வெளையாடாத."

"வெளையாடல. பொண்ணு பாக்க வந்தவரு இத்தன நாளா ஒக்காந்திருக்காரு. நாம ஒரு வார்த்த மாப்பிள்ளைய விசாரிச்சோமா? அண்ணாச்சியக் கூப்பிடுங்க. பேச்சியக்காவ மிக்சர் வாங்கிட்டு வரச் சொல்லுங்க. சமுக்காளத்த விரிங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காம்பவுண்டு முழுக்கக் கடைசி வீட்டில் கூடியது. முறை தவறாமல் கேசரி கிண்டினார்கள், சந்தனம் வைத்தார்கள், அண்ணாச்சி பெண் வீட்டுப் பெரியவராகச் சுவரோரம் சம்மணமிட்டு உட்கார்ந்து, விசில் ஊதுவதற்கு முன்பு செய்வது போல மூச்சை இழுத்துவிட்டு, பார்வையாளரைப் பார்த்துக் கேட்டார்.

"ஒங்கள அனுப்புனது ஆரு?"

சிவப்புப் பொட்டு அணைந்து எரிந்தது.

"சரி. இங்கன பாத்தத ஆருட்ட போய்ச் சொல்லுதிய?"

பார்வையாளர் அண்ணாச்சியின் வேட்டியைப் பார்த்தார்.

"சொன்னத அவுக எங்க வச்சிருக்காவ? எத்தன காலத்துக்கு வச்சிருப்பாவ? வேற ஆருக்காவது குடுப்பாவளா?" அண்ணாச்சி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "மாப்பிள்ளைக்கு வீட்டு வெவரம் ஒண்ணும் தெரியலயே."

"நடந்து காட்டச் சொல்லுங்க" என்றாள் பேச்சியக்கா. "இத்தன நாளும் ஒக்காந்தே இருக்காரு. காலு வருமா வராதான்னு தெரிஞ்சிக்கணும்லா."

பார்வையாளர், கேட்டால் செய்கிறவர்தான் போலும், எழுந்து நடந்தார். திரும்பும் இடத்தில் பக்கவாட்டில் வெறும் கோடாகிப் போனதும், "ஐயோ, மாப்பிள்ளையக் காணோமே!" என்று பேச்சியக்கா கூவினாள். சமுக்காளத்தில் இருந்த பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். "பாடத் தெரியுமா?" "சமைப்பாரா?" "சட்டை சொந்தச் சட்டையா?" என்று கேள்விகள் வந்து விழ, பார்த்தே பழகியவர் இப்போது எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னால் கோத்தார், பின்னால் கட்டினார்.

அப்போது சேலை விலகியது.

வடிவு தலையில் துண்டு இல்லாமல் வந்தாள். காம்பவுண்டு பழக்கதோஷத்தில் அத்தனை முகத்தையும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது. அண்ணாச்சி கையில் இல்லாத செய்தித்தாளைத் தூக்கினார்.

"அண்ணாச்சி, இன்னைக்குப் பாக்கலாம்" என்றாள். "நானாத்தான் வந்திருக்கேன்."

ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். மழைக்கு மறுநாள் காம்பவுண்டுச் சுவரில் பிடிக்கிற பாசி மாதிரி அவள் தலையில் மெல்லிசாக ஒரு கருப்பு. பேச்சியக்கா மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காது அழகா இருக்குளா ஒனக்கு. முடி மறைச்சிருந்துது இத்தன வருஷம்" என்றாள். வடிவு மிக்சர் தட்டை ஏந்திப் பார்வையாளருக்கு நேரே போய் நின்று அவரைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். அவள் எந்த நேரமும் வெளுத்துவிடுவாள் என்று தங்கபுஷ்பம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வடிவின் கண்ணில் கருப்பு கருப்பாகவே இருந்தது, அவள் உடுத்தியிருந்த ஊதாச் சேலை ஊதாவாகவே இருந்தது. முதலில் கண்ணைத் தாழ்த்தியது அவர்தான்.

"மதினி, அழைச்சது நீங்க. நீங்கதான் சொல்லணும்."

தங்கபுஷ்பம் எழுந்து நின்றாள். போ என்ற சொல்லைத் தேடித் தேடித் தொண்டை வலித்த நாளெல்லாம் இந்தச் சொல் வாசலில் செருப்பு மாதிரி கிடந்திருக்கிறதே என்று இருந்தது. கைகூப்பினாள்.

"ரொம்ப சந்தோசம் சார். பாத்தாச்சு. நாங்க எல்லாரும் கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புதோம்."

அவர் கிளம்பினார். கேட் வரைக்கும் போய் நின்று திரும்பினார், பின்னால் வர வேண்டிய 'வாங்க' வரட்டும் என்பது போல. காம்பவுண்டு மரியாதையோடு எழுந்து நின்றது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெளியே போனபோதுதான் கவனித்தார்கள், வரும்போது வெளிறிக் கிடந்த அவர் சட்டையில் தங்கபுஷ்பத்தின் மஞ்சளும் மயிலின் நீலமும் மிளகாய்ச் சிவப்பும் அப்பியிருந்தன. பஸ் நிலையத்தின் திசையில் அந்தச் சட்டை கொஞ்ச தூரம் தெரிந்து மறைந்தது. அவர் திரும்பி வரவில்லை.

மறுநாள் தங்கபுஷ்பம் தன்னோடு படிக்கிறவர்களின் கைபேசிக் குழுவில் நடந்ததைக் குரலில் பதிந்து அனுப்பினாள். 'வாங்க' என்று சொல்லி மாட்டிக்கொண்ட வீடுகள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தன. சமுக்காளம் விரித்தார்கள், கேசரி கிண்டினார்கள், கேட்க வேண்டியதைக் கேட்டார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஒரு வாரத்துக்குள் பல்கலைக்கழகத்தின் பெரிய கேட்டுக்கு வெளியே பார்வையாளர்கள் வந்து சேர்ந்தார்கள், வீடு வீடாக வாங்கிய நிறங்களில் பூக்கடை வரிசை மாதிரி நின்றார்கள். வார்த்தை வராமல் உள்ளே போவது முறையில்லை என்று காத்திருந்தார்கள். துணைவேந்தரின் கார் உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் வர முடியவில்லை.

தேர்வுக் கட்டுப்பாட்டாளரே கூப்பிட்டார். தங்கபுஷ்பம் கடையில் இருந்தாள். மெஷினை நிறுத்திவிட்டுப் பேசினாள்.

"தங்கபுஷ்பம் நீங்கதானே? உங்க ஆளைக் கூப்பிட்டுக்குங்கம்மா."

"எங்க ஆளு இல்ல சார். ஒங்க ஆளு."

"எல்லாரும் உங்ககிட்ட இருந்து ஒரு வார்த்தைக்காக நிக்கிறாங்கம்மா. கேட்டை மறிச்சிட்டு நிக்கிறாங்க. சரின்னு சொல்லி அனுப்புங்களேன்."

"வெவரம் தெரியாம எப்படி சார் சரின்னு சொல்ல? பாத்தத எங்க வச்சிருக்கிய, எப்ப அழிப்பிய, என் விடைத்தாளப் பாக்க என் நாத்தனார எதுக்குப் பாக்கணும், வேண்டாம்னு சொன்னா என்னப் பரீட்சை எழுத விடுவியளா மாட்டியளா? அவருட்ட கேட்டோம், அவருக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க."

"நான் மேலே கேட்டுச் சொல்றேன்மா" என்றார்.

"சொல்லி அனுப்புங்க சார்" என்று தங்கபுஷ்பம் வைத்தாள்.

சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பக்கத்தில் அந்த வார்த்தையை நிஜமாகவே காப்பாற்றியது பல்கலைக்கழகத்துக்காரர்கள்தான் என்று அண்ணாச்சி இன்றைக்கும் சொல்வார். கேமரா எழுதுகிறவரின் கையையும் தாளையும் பார்க்கும், அறையைப் பார்க்காது, உடன் இருப்பவர்களைப் பார்க்காது. பதிந்தது தேர்வு முடிவோடு அழிக்கப்படும். ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் வருவார்கள். வேண்டாம் என்பவர்களுக்குப் பக்கத்துக் கல்லூரியில் ஒரு பெஞ்சு இருக்கும். அதுவரை சேர்த்து வைத்ததை அழித்த அன்று மத்தியானம், கொடியில் கிடந்த சேலைக்கு மஞ்சள் திரும்பியது, மயிலுக்கு நீலம் வந்தது, பேச்சியக்கா வைத்த குழம்பு இலையிலேயே கண்ணெதிரே சிவந்தது. தங்கபுஷ்பம் சேலையை முகர்ந்து பார்த்தாள். தன் வீட்டு வாசனைதான்.

தேர்வு நாளன்று காம்பவுண்டில் மிக்சி ஓடவில்லை, ரேடியோ பாடவில்லை. தங்கபுஷ்பம் பருப்பு டப்பாவில் கைபேசியைச் சாய்த்தாள். நாற்காலியைப் போட்டாள், நாற்காலிக்கு முன்னால் குளியலறை வாளியைக் கொண்டுவந்து கவிழ்த்து வைத்தாள்.

"வரலாமா?" என்று திரைக்குள்ளிருந்து கேட்டது. அந்தக் குரலை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறாள்.

"வாங்க சார். இந்த வாளி வரைக்கும்."

அவர் வந்து வாளிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். வெளிறிய சட்டை, சுத்தமாகத் துவைத்தது. அவள் எழுதினாள். விரல் வலிக்க வலிக்க, தெரிந்ததையெல்லாம் எழுதினாள், கை போகிற இடத்தை மட்டும் அவர் பார்த்தார். கடைசித் தாளில் இருக்கும்போது முற்றத்தில் தண்ணீர் சிந்தும் சத்தமும் பின்னாலேயே ஈரக் காலடியும் கேட்டன. வடிவு குளித்துவிட்டுத் தலையில் துண்டில்லாமல் வருகிறாள், வாளிக்கு அப்பால் ஆள் இருப்பது அவளுக்கு மறந்துபோய்விட்டது என்று தங்கபுஷ்பத்துக்கு உறைத்தது. பேனா நின்றது.

பார்வையாளர் தொண்டையைச் செருமினார். பன்னீர் காம்பவுண்டில் ஒருவர் எப்படிச் செருமுவாரோ அப்படி, அளவாக, ஆள் இருக்கிறேன் என்கிற அளவுக்கு மட்டும். செருமிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வாசலில் வடிவு நின்றாள். சுவரைப் பார்த்தபடி இருந்த அந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மதினி, நீங்க எழுதுங்க" என்றாள். "ஒங்களுக்கு முன்னாடி இவரு பாஸாயிட்டாரு."